ராக்கெட் விழுந்த பிறகு

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டத்தோ கிராமாட் சாலை இன்னும் முழுதாக விழித்திருக்காது. கோம்தார் பக்கமிருந்து ஆயர் ஈத்தாம் நோக்கிப் போகும் பேருந்துகளில் கூட்டம் குறைவு. காற்றும் அந்த நேரத்தில் அடங்கியிருக்கும். வெயில் ஏறிக் கடற்காற்று எழுந்துவிட்டால் இலேசான எதையும் நேராக மேலே அனுப்புவது கடினம். ராக்கெட் விடுகிறவர்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரம்தான் பொன்னான நேரம்.

அந்தச் சாலையை ஒட்டிய ஒரு பள்ளித் திடலில் அண்மையில் அப்படி ஒரு காலையைக் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. பன்னிரண்டு மாணவர்கள், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர், வேலைக்குப் போகும் முன்னாள் மாணவர்கள் இருவர். கழகத்தின் மொத்தச் சொத்து இதுதான்: இரண்டு சைக்கிள் பம்ப், பிளாஸ்டிக் குழாயால் செய்த ஒரு ஏவுமேடை, ஒரு கூடை நிறைய ஒன்றரை லிட்டர் பான போத்தல்கள், 50 மீட்டரை அளந்து முடிச்சுப் போட்ட ஒரு கயிறு. அவர்கள் விட்டது நீர் ராக்கெட். போத்தலில் கொஞ்சம் தண்ணீர், மிச்ச இடத்தில் அழுத்திய காற்று. பிடியை விடுவித்தால் தண்ணீர் கீழே பீறிட்டு வெளியேறும். போத்தல் மேலே பாயும். நியூட்டனின் மூன்றாம் விதியை இதைவிடக் குறைந்த செலவில் கண்ணால் பார்க்க முடியாது.

முதல் ராக்கெட் அழகாகப் போனது. கைத்தட்டல். இரண்டாவது, படிவம் 2 மாணவன் ஒருவனுடையது. பத்து மீட்டர்கூட ஏறவில்லை. காற்றில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் பொத்தென்று விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே தன் பையை எடுக்கப் போய்விட்டான். அன்றைக்குத் தன் வேலை முடிந்தது என்று நினைத்திருப்பான். ஆசிரியர் குரல் கொடுத்தார்: “விழுந்தத எடுத்துட்டு வாய்யா. ஏன் விழுந்துச்சுன்னு பார்க்காம எங்க போற?”

அடுத்த அரை மணி நேரம் அந்தப் பையன் ராக்கெட் விடவில்லை. போத்தலை விரலின்மேல் கிடத்தி, எந்த இடத்தில் அது சாயாமல் நிற்கிறது என்று பார்த்து, அங்கே ஒரு கோடு போட்டான். அதுதான் நிறை மையம். அதே இடத்தில் நூலைக் கட்டித் தலைக்குமேல் சுழற்றினான். ஒழுங்கான ராக்கெட் என்றால் மூக்கை முன்னால் வைத்துக்கொண்டு சுற்றும். அவனுடையது வாலை முன்னால் வைத்துச் சுற்றியது. பின்பக்கம் கனம் அதிகம். படிவம் 4 அக்கா ஒருவர் கொஞ்சம் களிமண் கொடுக்க, அதை மூக்குக்கூம்புக்குள் வைத்து அழுத்தினான். மறுபடியும் சுழற்றினான். இந்த முறை மூக்கு முன்னால் வந்தது. ஒன்பது மணி தாண்டியதும் அதே போத்தல், அதே துடுப்புகள், அதே தண்ணீர் அளவு. நேராகப் போனது.

50 மீட்டர் கயிற்றின் அந்தக் கோடியில் நின்ற மாணவி, கோணமானியில் நூலும் ஈயக்குண்டும் தொங்கவிட்ட கருவியால் உச்சியைப் பார்த்து, “நாற்பது!” என்று கத்தினார். 40 பாகையின் டேன்ஜெண்ட் 0.839. அதை 50ஆல் பெருக்கினால் சுமார் 42 மீட்டர். பார்த்தவரின் கண் உயரம் ஒன்றரை மீட்டரைச் சேர்த்தால் 43 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பதினான்கு மாடிக் கட்டடத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். திரிகோணவியல் எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் மாணவர்களை அந்தத் திடலுக்கு அழைத்துப் போகலாம்.

அந்தப் பையனுக்கு நடந்ததைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம். அவனுக்கு இரண்டாவது முறை ஏவக் கிடைத்தது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது கிடைப்பதில்லை.

நம் நாட்டுப் பள்ளிகளுக்கு நீர் ராக்கெட் புதிதல்ல. ஆசிய பசிபிக் வட்டார விண்வெளி நிறுவனங்களின் கூட்டமைப்பு 2005ஆம் ஆண்டு ஜப்பானின் கித்தாகியூஷு நகரில் கூடியபோது மாணவர்களுக்கான நீர் ராக்கெட் போட்டியையும் தொடங்கியது. அதில் கலந்துகொள்ளும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. தேசிய அளவிலும் மாநில அளவிலும் போட்டிகள் நடக்கின்றன. தமிழ்ப்பள்ளிகளுக்கென்றே நடக்கும் அறிவியல் விழாக்களில் நம் பிள்ளைகள் கண்காட்சி மேசைகளை அடுக்கி வைத்து நின்று பேசுவதைப் பார்த்தவர்களுக்கு அவர்களின் திறமையில் ஐயம் இருக்காது. பதக்கங்களுக்கும் குறைவில்லை, அந்தப் படங்களை இதே பக்கத்தில் மகிழ்ச்சியோடு வெளியிட்டும் இருக்கிறோம்.

ஆனால் போட்டிக்கான ராக்கெட் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் பேசுவோம். போட்டிக்கு மூன்று வாரம் முன்பு குழு அமைக்கப்படும். சென்ற ஆண்டு வென்ற வடிவத்தைப் பார்த்து ஒன்று செய்யப்படும். துடுப்பு ஒட்டுவது ஆசிரியர், சில வேளைகளில் அப்பா. மாணவர் பம்ப் அடிப்பார். போட்டியன்று ஓரிரு முறை ஏவ அனுமதி. நன்றாகப் போனால் கோப்பை. போகாவிட்டால் பேருந்தில் திரும்பும்போது யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை ஏவுமேடை பொருள் அறைக்குள் போய்விடும். மறுபடி வெளியே வருவது அடுத்த ஆண்டு, வேறு மாணவர்களுக்காக. விழுந்த ராக்கெட் ஏன் விழுந்தது என்பது அந்தப் பள்ளியில் யாருக்கும் தெரியாமலே போகிறது. வென்ற ராக்கெட் ஏன் வென்றது என்பதும் அப்படித்தான்.

போட்டி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போட்டி இல்லையென்றால் பல பள்ளிகளில் அந்த மூன்று வாரமும் இருக்காது. போட்டிக்கு வெளியே, ஆண்டு முழுக்க, தோற்றாலும் கெட்டுப்போகாத சில காலைப்பொழுதுகள் வேண்டும் என்கிறோம். கழகம் என்பது அதற்குத்தான்.

அமெரிக்காவின் ராபர்ட் கோடார்ட் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஏவிய நாள் 1926 மார்ச் 16. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆபர்ன் என்ற ஊரில், உறவுக்காரப் பெண்மணி ஒருவரின் பண்ணையில் அது நடந்தது. அந்த ராக்கெட் பறந்தது இரண்டரை விநாடி. எட்டிய உயரம் 12.5 மீட்டர். பிறகு 56 மீட்டர் தள்ளி விழுந்தது. டத்தோ கிராமாட்டில் அந்தப் படிவம் 2 மாணவன் விட்ட போத்தல் அதைப்போல் மூன்று மடங்கு உயரம் போனது! கோடார்டின் மனைவி எஸ்தர் அதைப் படம்பிடிக்க நின்றார். ஆனால் சாவி கொடுத்து ஓட்டும் அவருடைய கேமரா சில விநாடிகளே ஓடக்கூடியது. ராக்கெட் மேடையைவிட்டுக் கிளம்ப நேரமானதால், அது பறக்கும் முன்பே கேமரா நின்றுவிட்டது. பறந்ததற்குப் படமே இல்லை. மறுநாள் கோடார்ட் தம் நாட்குறிப்பில் எழுதியதால்தான் அந்த இரண்டரை விநாடியும் இன்று நமக்குத் தெரிகிறது.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், அன்று காலை திடலில் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். பதிவேட்டில் எழுதியவர் ஒருவர் மட்டுமே. தண்ணீர் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், கோணம் எவ்வளவு, எங்கே விழுந்தது என்று ஐந்து கட்டங்கள். காணொளியில் ராக்கெட் போவது தெரியும். ஏன் போனது என்பது அந்த ஐந்து கட்டங்களில்தான் இருக்கும். போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் சரியா, கால் பங்கு சரியா என்று மாணவர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. வாக்குவாதம் தேவையே இல்லை. அழுத்தத்தை மாற்றாமல், தண்ணீரை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றையும் மும்மூன்று முறை விட்டு எழுதினால் ஒரே காலையில் விடை வந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. அறிவியலில் பாதி வேலை அந்தப் பொறுமைதான்.

அந்தப் பொறுமைக்குப் பெரிய ராக்கெட்டுகளில் என்ன விலை என்று பார்க்க நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் நாட்டின் ‘ரசாக்சாட்’ துணைக்கோளை 2009 ஜூலை 14ஆம் தேதி விண்ணுக்குக் கொண்டுசென்றது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ‘ஃபால்கன் 1’. இன்று உலகமே பேசும் அந்த நிறுவனம் அப்போது சின்ன நிறுவனம். பசிபிக் பெருங்கடலில் குவாஜலீன் பவளத்தீவுகளில் ஒன்றான ஒமெலெக்கிலிருந்து ஏவியது. அதன் முதல் மூன்று ராக்கெட்டுகளும் தோல்வி. 2006இல் உப்புக்காற்றில் அரித்துப்போன ஒரு சிறு நட்டு எரிபொருளைக் கசியவிட்டது. 2008 ஆகஸ்டில் மூன்றாவது ராக்கெட்டில், முதல் கட்டம் பிரிந்த பிறகும் அதன் இயந்திரத்தில் மிச்சமிருந்த உந்துதல் அதை மேலே தள்ளி, இரண்டாம் கட்டத்தின்மேல் மோதவைத்தது. அவர்கள் செய்த திருத்தம் என்ன தெரியுமா? இயந்திரம் அணைந்ததற்கும் கட்டங்கள் பிரிவதற்கும் இடையே காத்திருக்கும் நேரத்தைச் சில விநாடிகள் கூட்டினார்கள். ஒரே ஓர் எண். எட்டு வாரம் கழித்து, செப்டம்பர் 28ஆம் தேதி, நான்காவது ராக்கெட் சுற்றுப்பாதையை அடைந்தது. ஐந்தாவதில் ஏறியது நம் துணைக்கோள். மூன்றாவது விழுந்த அன்றே எல்லாவற்றையும் மாற்றிப் புதிதாகத் தொடங்கியிருந்தால், எது பிழை, எது சரி என்று அவர்களுக்கே தெரியாமல் போயிருக்கும்.

தமிழகத்தில் இதைவிட நமக்கு நெருக்கமான கதை ஒன்று உண்டு. சென்னையைச் சேர்ந்த ‘ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா’ என்ற அமைப்பு, இந்தியா முழுவதிலும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளைக் கொண்டு ‘ஆசாதிசாட்’ என்ற சிறு துணைக்கோளுக்கான கருவிகளைச் செய்யவைத்தது. மதுரைக்குப் பக்கத்தில் உள்ள திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளி மாணவிகளும் அதில் இருந்தார்கள். 2022 ஆகஸ்டு 7ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் புதிய சிறிய ராக்கெட் அதைச் சுமந்து கிளம்பியது. மாணவிகள் அங்கே போய் நேரில் பார்த்தார்கள். ராக்கெட்டின் எல்லாக் கட்டங்களும் எரிந்தன. ஆனால் துணைக்கோள் தவறான பாதையில் விடப்பட்டது. பூமிக்கு மிக அருகில் வரும் இடத்தில் அந்தப் பாதையின் உயரம் 76 கிலோமீட்டர்தான். அந்த உயரத்தில் எதுவும் தங்காது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வைக் கண்டு, உணரிகளே கெட்டுவிட்டன என்று ராக்கெட்டின் கணினி தவறாக முடிவெடுத்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது.

மாணவிகள் செய்ததில் குறை இல்லை. அப்படியும் அவர்களின் துணைக்கோள் போய்விட்டது. பெரியவர்களுக்கே ஏற்கக் கடினமான செய்தி இது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆறு மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 10ஆம் தேதி, அதே வகை ராக்கெட்டின் இரண்டாவது பயணத்தில் ‘ஆசாதிசாட் 2’ ஏறியது. 450 கிலோமீட்டர் உயரத்தில் சரியான பாதையில் நின்றது. ஆகஸ்டில் அந்த மாணவிகளை வீட்டுக்கு அனுப்பி, “பரவாயில்லை, பங்கேற்றதே பெரிது” என்று சான்றிதழ் கொடுத்திருந்தால் அவர்கள் அதை நம்பியிருப்பார்கள். ராக்கெட் என்பது நமக்கு ஒத்துவராத வேலை என்றும் சேர்த்து நம்பியிருப்பார்கள்.

அப்துல் கலாமைப் பற்றிப் பேச்சுப்போட்டியோ கட்டுரைப்போட்டியோ நடத்தாத தமிழ்ப்பள்ளி நம் நாட்டில் அரிது. நல்லதுதான். ஆனால் கலாம் தலைமையேற்ற ராக்கெட் 1979 ஆகஸ்டில் வங்கக்கடலில் விழுந்ததையும், 1980 ஜூலையில் அது வென்றதையும் மனப்பாடமாகச் சொல்லும் மாணவரிடம், இடையில் இருந்த பதினோரு மாதங்களில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நம் பேச்சுப்போட்டிகளில் அந்தப் பதினோரு மாதம் வருவதே இல்லை.

பினாங்குப் பிள்ளைகளுக்கு இது வெறும் பொழுதுபோக்கு விஷயமும் அல்ல. பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலம் 1972இல் தொடங்கியது முதல் இந்தத் தீவின் வேலை வாய்ப்பு பெருமளவு மின்னணுத் தொழிற்சாலைகளைச் சார்ந்தே இருக்கிறது. நம் வீட்டு அக்காமார்களும் அம்மாக்களும் எத்தனையோ பேர் அங்கே உற்பத்தி வரிசையில் உட்கார்ந்தவர்கள். அங்கே நல்ல சம்பளம் வாங்குகிறவர், இயந்திரம் ஏன் நின்றது, பலகை ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர். அதைப் பாடநூலில் மட்டும் படித்துக்கொள்ள முடியாது. தன் கையால் செய்த ஒன்று தன் கண்ணெதிரே விழுந்து, அதன் காரணத்தைத் தானே தேடிப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பதினான்கு வயதில் ஒரு போத்தலில் தொடங்கலாம்.

இனி, பாதுகாப்பு. இதைப் பேசாமல் ராக்கெட்டைப் பற்றி எழுதுவது பொறுப்பாகாது.

வெளிநாட்டுக் காணொளிகளில் நம் மாணவர்கள் பார்ப்பது நீர் ராக்கெட் அல்ல. காகிதக் குழாயும் மென்மரத் துடுப்பும் வைத்து, சிறு கருமருந்து உந்துபொறியால் பறக்கும் மாதிரி ராக்கெட். அந்தப் பொழுதுபோக்கு பிறந்த கதையே பாதுகாப்பைப் பற்றியதுதான். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் என்பவர் 1954இல் தம் சகோதரர் ராபர்ட்டுடன் சேர்ந்து அதன் முதல் வடிவத்தைச் செய்தார். 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்ததும், பையன்கள் பலர் இரும்புக் குழாய்களில் தாங்களே மருந்தை அடைத்து ராக்கெட் செய்யப் போனார்கள். விரல்களையும் கண்களையும் இழந்தார்கள். ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் என்பவர், கார்லைலின் முறையைப் பரப்பி, விதிமுறைகளை வகுத்தார். மருந்தைத் தொழிற்சாலையில் செய்யட்டும். மாணவர் ராக்கெட்டை மட்டும் செய்யட்டும் என்பதே அதன் சாரம். பட்டாசுக் குடும்பத்தில் பிறந்த வெர்ன் எஸ்டெஸ் அந்த உந்துபொறிகளை ஒன்றுபோல் வார்க்கும் இயந்திரத்தைச் செய்தார். உந்துபொறிமேல் அச்சிட்டிருக்கும் எழுத்துக்கூட ஒரு பாடம்: விசையை அது செயல்படும் நேரத்தால் பெருக்கினால் வருவது ‘ஏ’ வகையில் 2.5 நியூட்டன் விநாடி வரை, ‘பி’ வகையில் 5 வரை, ‘சி’ வகையில் 10 வரை. ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டிப்பு. படிவம் 4 இயற்பியல் படிப்பவர்களுக்கு அது என்ன என்று தெரிந்திருக்கும்.

அது அங்கே. இங்கே கருமருந்து 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கு உட்பட்டது. உரிமம் இல்லாமல் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டதை நம் நாடு மறக்கக்கூடாது. ஆகவே மாணவர்களே, தீபாவளிப் பட்டாசைப் பிரித்து மருந்தை எடுப்பது, தீக்குச்சித் தலைகளைச் சுரண்டிச் சேர்ப்பது, இணையத்தில் பார்த்த ‘சர்க்கரை ராக்கெட்’ முயற்சி எல்லாம் வேண்டவே வேண்டாம். இன்னொரு காரணமும் இருக்கிறது. ‘சி’ வகை உந்துபொறிக்கு 120 மீட்டர் அகலமாவது திறந்த இடம் வேண்டும் என்பது அமெரிக்கக் கழகங்களின் விதி. ஜோர்ஜ் டவுனில் ஒரு காற்பந்துத் திடலின் நீளமே அதற்குப் போதாது. சுற்றிலும் கூரை, மின்கம்பி, சாலை. தெற்கே விமான நிலையம், கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். நம் வானம் நெருக்கமான வானம்.

நீர் ராக்கெட்டில் தீ இல்லை. அதற்காக அது விளையாட்டுப் பொருளும் இல்லை. ஐந்து மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் போத்தல் முகத்துக்கு நேரே வெடித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவேண்டும். குளிர்பானம் வந்த போத்தலை மட்டுமே பயன்படுத்துங்கள். குடிநீர் போத்தல் மெல்லியது, தாங்காது. கீறல் விழுந்ததையும் வெயிலில் கிடந்ததையும் எறிந்துவிடுங்கள். பம்ப் அடிப்பவருக்கும் மேடைக்கும் இடையே நீண்ட குழாய் இருக்கட்டும். கண்ணாடி அணியுங்கள். பிடி விடாமல் சிக்கிக்கொண்டால் ஓடிப்போய்த் தொடக்கூடாது. மாதிரி ராக்கெட் கழகங்களில் பற்றாமல் போன ராக்கெட்டை 60 விநாடி கழித்துத்தான் அணுகுவார்கள். அதே ஒழுங்கை நாமும் வைத்துக்கொள்வோம், முதலில் தூரத்திலிருந்தே காற்றை இறக்கிவிட்டு. அன்று திடலில் ஒரு ராக்கெட் மழைமரத்தின் உச்சியில் போய் மாட்டிக்கொண்டது. ஏறி எடுக்கிறேன் என்று கிளம்பியவனை ஆசிரியர் தடுத்தார். போத்தல் ஐம்பது சென்னுக்குக்கூடப் பெறாது.

கழகம் தொடங்க என்ன வேண்டும்? பணம் பெரிய தடையல்ல என்பதைப் பார்த்துவிட்டோம். திடலுக்குத் தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோர் கையொப்பம், மாதம் இரண்டு காலை. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இலும் பிடி3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. அப்படிக் கிடைத்த நேரத்தைப் பெரும்பாலான வீடுகளில் டியூஷனே எடுத்துக்கொண்டது. அதில் இரண்டு சனிக்கிழமைகளைத் திருப்பிக் கேட்பது அநியாயமான கோரிக்கை இல்லை என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொள்கிறோம். டியூஷனில் சொல்லித்தரும் இயற்பியலும் அப்போது கொஞ்சம் புரியும்.

தட்டுப்பாடு ஆட்களுக்குத்தான். அந்தத் திடலில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருந்தார். அவர் உடம்பு முடியாமல் வீட்டில் இருந்துவிட்டால் அந்தக் கழகம் என்ன ஆகும் என்பது நமக்கு உண்மையாகவே கவலை. இங்கேதான் பல்கலைக்கழக மாணவர்களிடம் பேசவேண்டியிருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் விண்வெளிப் பொறியியல் பள்ளி நிபோங் திபாலில் இருக்கிறது. பெர்மாத்தாங் பாவில் தொழில்நுட்பக் கல்லூரியும் பல்கலைக்கழக வளாகமும் இருக்கின்றன. பாலம் தாண்டினால் தீவு. அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் பொங்கல் விழாவும் கலை இரவும் சிறப்பாக நடத்துகிறார்கள்; நாமும் செய்தி போடுகிறோம். அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கை, மாதம் ஒரு சனிக்கிழமை காலையாக, ஒரு பள்ளித் திடலுக்குக் கொடுக்க முடியுமா? நிறை மையத்துக்குப் பின்னால் காற்றின் அழுத்த மையம் ஏன் இருக்கவேண்டும் என்று பதினான்கு வயதுப் பையனுக்குச் சொல்லிப் புரியவைக்கிறவர், தம் சொந்தத் தேர்வில் அதை ஒருநாளும் தவறாக எழுதமாட்டார். தம்பி தங்கைகளும் “அண்ணா எஞ்சினியருக்குப் படிக்கிறார்” என்று வெறுமனே கேள்விப்படாமல், அவர் கையில் பசையும் கத்தரியும் இருப்பதை நேரில் பார்ப்பார்கள்.

இன்னொன்று. அன்று வந்த பன்னிரண்டு பேரில் மாணவிகள் நான்கு பேர். அந்த நால்வரில் மூவர் அளப்பதிலும் எழுதுவதிலும் இருந்தார்கள். பம்பும் மேடையும் பையன்களிடம். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது. அளப்பது தாழ்ந்த வேலை இல்லைதான். ஆனாலும் முறை வைத்து மாற்றிக்கொண்டால் நல்லது என்று ஆசிரியரிடம் சொன்னோம். “அடுத்த வாரத்துல இருந்து சுத்துல விட்டுர்றேன்” என்றார்.

பத்து மணிக்குக் காற்று எழுந்தது. கடைசியாக விட்ட ராக்கெட் காற்று வந்த திசைக்கே மூக்கைத் திருப்பிக்கொண்டு சாய்ந்து போனது. அதையும் எழுதிக்கொண்டார்கள். போத்தல்களைக் கூடையில் போட்டு, கயிற்றைச் சுருட்டி, எல்லாரும் கிளம்பும்போது படிவம் 2 பையன் மட்டும் பதிவேட்டை வாங்கி எதையோ குறித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தோம். அடுத்த வாரம், களிமண் பாதி, மற்றதெல்லாம் அப்படியே, மூன்று தடவை.